கடையில் உண்ட இறைச்சி

யாழ்ப்பாணத்தவரின் உணவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒடியற் கூழிலே தொடங்கிப் பனங்காய்ப் பணியாரத்திலே முடிப்பர். இடையிலே புட்டும் கறுத்தக்கொழும்பு மாம்பழமும் தவறாது வரும். ஆட்டிறைச்சியைப் பற்றி மாத்திரம் ஒருவகைக் கூச்சம் உண்டு. உண்பதிலே கூச்சமில்லை, எழுதுவதிலேதான். ஆறுமுக நாவலர் (1822-1879) வகுத்துச் சென்ற நெறியிற் புலாலுண்ணாமை சைவ ஒழுக்கத்தின் தலையாய அடையாளமாயிற்று. ஆயின் அந்நெறியைப் போற்றிய இல்லங்களுட் பலவற்றில், போற்றுதல் ஒரு நாளும் உண்ணுதல் மறுநாளுமாகவே வாழ்க்கை நடைபெற்றது. வெள்ளிக்கிழமை சைவம், ஞாயிற்றுக்கிழமை மச்சம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் சைவம். திருவிழா முடிந்தால் மீண்டும் மச்சம். சட்டிகளும் அவ்வாறே இருவகைப்பட்டன. மரக்கறிச் சட்டி அடுக்களையினுள்ளே இருக்கும். மச்சச் சட்டி வெளியே தாழ்வாரத்திற் கவிழ்ந்து கிடக்கும்.

இதனைப் போலித்தனம் என்று கூறும் இளைஞர் உளர். அத்துணை எளிதாகக் கூறிவிட முடியாது. விருப்பத்துக்கு நாள் குறித்து வைப்பதும் ஒருவகை ஒழுக்கமே. எவ்வாறாயினும், யாழ்ப்பாணத்தின் ஆட்டிறைச்சி நெடுங்காலம் வீட்டுக்குரியதாகவே இருந்தது என்பதுதான் இங்கு நோக்கற்பாலது.

வீட்டுக்கு அது வந்து சேர்ந்த வழி பங்கு. தீபாவளிக்கோ வேறொரு விடுமுறைக்கோ அயலிலுள்ள பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயைப் பேசுவர். பல வேளைகளில் அது அதே ஒழுங்கையிற் கட்டி வளர்க்கப்பட்டதாயிருக்கும்; கிளுவை, பூவரசு, முள்முருக்கு வேலிகளிலிருந்து வெட்டிப் போட்ட குழையைத் தின்று கொழுத்ததாயிருக்கும். விடியுமுன் அறுத்து உரித்து, வாழையிலைகளிற் குவியல் குவியலாகப் பங்கு வைப்பர். ஒவ்வொரு குவியலிலும் தொடையிற் சிறிது, நெஞ்செலும்பிற் சிறிது, ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு, குடலில் ஒரு பகுதி என யாவும் இருக்கும். எவருக்கும் நல்ல தசை மாத்திரம் கிடைப்பதில்லை. எவருக்கும் வெறும் எலும்பு மாத்திரம் கிடைப்பதுமில்லை. தராசு கண்ட நீதியைக் காட்டிலும் கண்ணளவான இந்த நீதி செம்மையானது எனலாம். ஆயின் எந்த வீடுகள் பங்கிற் சேரும் என்பதை ஒழுங்கை மாத்திரம் தீர்மானிக்கவில்லை. சாதியும் தீர்மானித்தது. குவியல்களுக்கிடையே இருந்த சமத்துவம் வேலிக்கு அப்பாற் சென்றதில்லை.

வீட்டில் உண்பது ஒன்று. கடையில் அமர்ந்து இறைச்சி உண்பது முற்றிலும் வேறொன்று. நகரத்துக்கு வந்த கிராமத்தவர் மலாயன் கபே போன்ற சைவக் கடைகளில் வாழையிலையிற் சோறுண்டு திரும்புவதிற் குறை காணப்படவில்லை. “கடையிலே இறைச்சி தின்றான்” என்பதோ ஒருவனுடைய ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாகவே சொல்லப்பட்டது. அத்தீர்ப்புக்கு அஞ்சாதவர்களுக்கு ஐந்து சந்தியிலும் சோனகதெருவிலும் பஸ் நிலையத்தை அண்டியும் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக் கடைகள் இருந்தன.

ஊரார் ‘மாஸ்டர்’ என்றே அழைக்கும் கணித ஆசிரியர் ஒருவர் அக்கடைகளுள் ஒன்றின் மேசையிற் பல ஆண்டுகள் உண்டவர். வலிகாமத்துக் கிராமமொன்றிற் பிறந்து, 1982இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கு வந்தவர். அவருடைய தந்தையார் தம் வாழ்நாளிற் கடையிறைச்சி தொட்டறியாதவர். பங்கிறைச்சியை மாத்திரம் குறைவின்றி உண்டவர். மாஸ்டரைக் கடைக்கு முதலில் அழைத்துச் சென்றவர் திருநெல்வேலியில் அவருடன் ஒரே அறையில் வாடகைக்கிருந்த நண்பர். ஒடுங்கிய கடை, மாபிள் பதித்த நான்கு மேசைகள், காசுப்பெட்டியடியில் தொப்பியணிந்த உரிமையாளர். அவரை எல்லோரும் நானா என்றனர். அவர் மாணவர்களைத் தம்பி என்றார். பிற்காலத்தில் அதே மாணவன் ஆசிரியனாகி வந்தபோது, எவரும் சொல்லிக் கொடுக்காமலே மாஸ்டர் என்றார்.

கடையிற் பராட்டாவும் பாணும் ஆட்டிறைச்சிக் குழம்பும் நாள்தோறும் உண்டு. மாலை சாய்ந்தாற் கொத்துரொட்டியின் தகட்டோசை தெருமுனை வரை கேட்கும். புரியாணி வெள்ளிக்கிழமையில் மாத்திரம், ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னர். இங்கேதான் சிக்கல். கடையின் சிறந்த உணவு எந்த நாளிற் சமைக்கப்பட்டதோ, அந்த நாளில் மாஸ்டர் மச்சம் தொடமாட்டார். தாயாருக்குக் கொடுத்த வாக்கு அது. வெள்ளி மதியம் அவ்வழியாற் சைக்கிளிற் செல்லும்போது மணம் மாத்திரமே அவருக்குக் கிடைத்தது. ஒருமுறை நானா இதனை அறிந்து சிரித்தாராம். “வெள்ளிக்கிழமை உங்களுக்கு மரக்கறி, எங்களுக்குப் புரியாணி. ஆண்டவன் ரெண்டு பேருக்கும் கணக்கு வைச்சிருக்கிறான், தம்பி” என்றார். எட்டு ஆண்டுகள் அக்கடையில் உண்டவர் அதன் புரியாணியை ஒருமுறையேனும் உண்டதில்லை என்பது வியப்பாயினும் உண்மை.

அம்மேசைகளின் முக்கியத்துவம் சுவையோடு முடிவதன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணியும் போத்தலும் வைக்கப்பட்டிருந்த காலம் மிகப் பழங்காலமன்று. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும் கடைப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனையடுத்துச் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் நிகழ்ந்தவையும் வரலாறு. முஸ்லிம் கடைகளிலோ பாத்திரத்தைப் பிரித்து வைப்பதற்குச் சமய வழியான நியாயம் எதுவும் இருக்கவில்லை. ஒரே தட்டைச் சூழ அறுவர் அமர்ந்து கையால் அள்ளி உண்ணும் சகன் சோற்றை விருந்தின் சிறப்பாகக் கருதும் மக்கள், கிண்ணத்துக்குச் சாதி வகுப்பது எங்ஙனம்? நானா கடையில் மாஸ்டர் எவரோடு ஒரே மேசையில் அமர்ந்தாரோ, அவர்களிற் சிலருடைய வீடுகள் அவருடைய ஊர்ப் பங்கில் ஒருபோதும் சேர்க்கப்பட்டவையல்ல. ஊரிற் கூடாதது அங்கே நாள்தோறும் நடந்தது. அதனை எவரும் புரட்சி என்று அழைக்கவில்லை. சாப்பாடு என்றே அழைத்தனர்.

இனி அக்கறியின் சுவைக்கு வருவோம். வீட்டுக் கறிக்கும் கடைக் கறிக்கும் இருந்த வேறுபாட்டை மாஸ்டரின் நாக்கு உணர்ந்ததேயன்றி அவருடைய அறிவு உணரவில்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மிளகாய், மல்லி, மிளகு, வெந்தயம், இருவகைச் சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்து இடித்தெடுப்பது. தூளில் யாவும் ஒன்றாகிவிடும். எது எதன் மணம் என்று பிரித்தறிய இயலாது. இறக்குமுன் சிறிது பெருஞ்சீரகத் தூளைத் தூவித் தேசிக்காய்ப் புளி விடுவது வீட்டு வழக்கம். நானா கடைக் கறியிலோ வேறேதோ ஒன்று தனித்து நின்றது. அஃது யாதென்று மாஸ்டருக்கு விளங்கியது பல ஆண்டுகளின் பின்பு, யாழ்ப்பாணத்திலன்று, கனடாவிலே.

2019இல் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் சகோதரியைப் பார்க்கச் சென்றிருந்தபோது, மருமகன் அவரைச் சின்ஜியாங் உணவுக் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றான். யாழ்ப்பாணத்தவருக்குச் சீன உணவு என்றால் பொரித்த சோறும் நூடில்ஸுமே. சீனாவின் வடமேற்கு எல்லையில், பாலைவனங்களுக்கும் பனிமலைகளுக்கும் இடையே, துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசும் உய்குர் முஸ்லிம்கள் வாழ்கின்றனர் என்பதும், அவர்களுடைய உணவின் நடுநாயகம் செம்மறியாட்டு இறைச்சி என்பதும் மாஸ்டருக்குப் புதிய செய்திகள். சனிக்கிழமை மாலை. கடை நிறைந்திருந்தது, வாயிலிற் காத்து நிற்போருட் சீனர், ஆப்கானியர், தமிழர் என எல்லோரும் இருந்தனர். இரும்புக் கம்பிகளிற் கோத்துக் கரிநெருப்பில் வாட்டிய இறைச்சி வந்தது. மெலிந்த துண்டுகளுக்கிடையே ஒரு துண்டு வாற்கொழுப்பு. கொழுத்த வாலுடைய செம்மறி அந்நாட்டுக்குரியது. நெருப்பில் அக்கொழுப்பு உருகி மற்றைத் துண்டுகளை நனைக்கின்றது. மேலே உப்பு, மிளகாய், அவற்றோடு முழுதும் அரையுமாய் நொறுங்கிய நற்சீரகம். வேறொன்றுமில்லை. பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் இல்லாத இறைச்சியை அவர் ஐயத்தோடுதான் வாயிலிட்டார். இட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நானா கடையிற் கறியை இறக்கியபின், ஆட்டுக் கொழுப்பில் நற்சீரகத்தை முழுதாகப் பொரித்துக் கொட்டினர். முப்பது ஆண்டுகளாகப் பெயர் தெரியாதிருந்த மணம் அதுதான்.

அடுத்து வந்தது ‘போலோ’ என்னும் சோறு. கரட்டும் வெங்காயமும் இறைச்சியும் இட்டுக் கொழுப்பில் வெந்தது. புலவு என்று நாம் வழங்கும் சொல்லின் உறவு. கையால் அள்ளியுண்ணும் சோறு என்ற பொருளிலேயே சீனர் அதற்குப் பெயரிட்டுள்ளனர். மாஸ்டர் கரண்டியை ஒதுக்கிவைத்துக் கையாலேயே உண்டார். அதனைக் கண்டு மகிழ்ந்த கடை உரிமையாளர் அருகே வந்து நின்றார். இருவருக்கும் ஆங்கிலம் ஓரளவே ஓடியது. தட்டிற் கிடந்த ஒரு சீரகத்தை விரலில் ஒற்றியெடுத்து, இது என்ன என்று மாஸ்டர் கேட்டார். “ஸிரே” என்றார் அவர். “சீரகம்” என்றார் மாஸ்டர். இருவரும் மற்றவருடைய சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டனர். வடமொழியின் ஜீரகம், பாரசீகத்தின் ஸீரா, உய்குரின் ஸிரே, நமது சீரகம் யாவும் ஒன்றோடொன்று உறவுடையவை. சீனமொழி இச்சரக்குக்கு வழங்கும் சொல்லும் உய்குரிலிருந்து சென்றதென்பர். வணிகப் பாதைகளிற் பொருளோடு சொல்லும் பயணம் செய்தமைக்கு இதனிலும் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது. மிளகாயோ இரு நாட்டுக்கும் அந்நியம். அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தேறியது. காஷ்கரிலும் பருத்தித்துறையிலும் அதனை இன்று அந்நியம் என்பாரில்லை.

சுவரில் காஷ்கர் நகரத்து ஈத்கா பள்ளிவாசலின் படம் இருந்தது. ஊருக்குப் போய் எவ்வளவு காலம் என மாஸ்டர் வினவினார். உரிமையாளர் விரல்களை எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்தி, தேநீர் கொண்டுவரச் சென்றுவிட்டார். மருமகன் பின்னர் அதற்கு விளக்கம் கூற முற்பட்டபோது மாஸ்டர் தேவையில்லையென்றார். அவ்வாறு எண்ணி நிறுத்திய விரல்களை அவர் முன்னரும் கண்டிருந்தார்.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீடும் கடையும் பள்ளிவாசலும் பின்னே கிடக்க, மிகச் சிறிய தொகைப் பணத்துடனும் உடுத்த உடையுடனும் மக்கள் சென்றனர். பெரும்பாலோர் புத்தளத்தைச் சென்றடைந்தனர். அன்று யாழ்ப்பாணத்தில் வாய்திறந்தோர் மிகச் சிலர், திறவாதோர் பலர். அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது. ஆயின் அச்சம் நீங்கிய பின்னரும் பலர் வாய் திறக்கவில்லை. அதற்கு வேறு காரணம் தேடவேண்டியிருக்கின்றது. சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் நாளில், வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கிற் சட்டிபானையோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். நாட்கள் ஒன்றாய் அமைந்தமை தற்செயலே. அத்தற்செயலை நினைவுகூர்வோர் குறைவு என்பது தற்செயலன்று.

1990இல் மாஸ்டர் நகரப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தார். போர் மீண்டும் மூண்டிருந்த அவ்வாண்டிற் சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை. கடையிற் கணக்குக்கே சாப்பிட்டார். நானாவிடம் ஒரு நீண்ட கொப்பி உண்டு. உண்டவர் பெயரும் தொகையும் நாளும் அதிற் பதியப்படும். மாஸ்டரும் கணித ஆசிரியரல்லவா, தம்முடைய நாட்குறிப்பில் அதே தொகையைத் தனியே எழுதிவைப்பார். வெளியேற்றம் நிகழ்ந்த வாரத்தில் அவர் ஊரில் தாயாரோடு இருந்தார். திரும்பி வந்தபோது கடைக் கதவு சாத்திக் கிடந்தது. நாட்குறிப்பில் அப்போது நின்ற தொகை 83 ரூபா.

2002இல் போர்நிறுத்தம் வந்தது. ஏ-9 வீதி திறந்தது. மறுவருடம் புத்தளம் பகுதிக்கு அலுவலாகச் சென்ற மாஸ்டர், விசாரித்து விசாரித்து நானாவைக் கண்டுபிடித்தார். கற்பிட்டிக் குடாவில், கிடுகு வேய்ந்த குடியிருப்பொன்றின் முகப்பில், ஒரு சிறு சாப்பாட்டுக் கடை. மணல் நிலம், சுற்றிலும் வெங்காயமும் மிளகாயும் பயிராகியிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாழ்ப்பாணம் என்றே சொல்லலாம். நானா நரைத்திருந்தார். பார்த்தவுடன் மாஸ்டர் என்று அழைத்தார். இறைச்சிக் குழம்பும் பராட்டாவும் வந்தன. நன்றாகத்தான் இருந்தன; ஆயினும் அது அதுவன்று. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானாவே சொன்னார்: “தண்ணி வேற, மாஸ்டர். எங்கட சுண்ணாம்புக் கல்லுத் தண்ணியில வேகிற மாதிரி இஞ்ச வேகாது.”

உண்டு முடித்தபின் மாஸ்டர் அன்றைய பணத்தோடு 83 ரூபாவையும் எடுத்து வைத்து, விபரத்தைச் சொன்னார். நானா அன்றைய பணத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார்.

“கொப்பி அங்கதான் கிடந்தது, மாஸ்டர். கொப்பி இல்லாமல் காசு வாங்கினால் கணக்குப் பிழைச்சுப் போகும்.”

“எவ்வளவெண்டு எனக்குத் தெரியும், நானா. எழுதி வைச்சிருக்கிறன்.”

“உங்களுக்குத் தெரியும். அதில எத்தனை பேருடைய பேர் கிடந்தது? அவையள் எல்லாருக்கும் தெரியுமோ?”

இதற்கு மாஸ்டரிடம் மறுமொழி இருக்கவில்லை. 83 ரூபாவை அவர் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். பின்னர் நானா ஊரைப் பற்றி விசாரித்தார். பெரியகடையில் இன்ன கடை இருக்கின்றதா, பள்ளிவாசற் கூரை எவ்வாறிருக்கின்றது, ஐந்து சந்தியில் யார் குடியிருக்கின்றனர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். மாஸ்டர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். கூரையில்லாததை இல்லையென்றே சொன்னார். எத்தனை வருடம் என்று நானா விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும், பத்து விரலும் முடிந்தபின் கையை மடியில் வைத்துக்கொண்டதும் அப்போதுதான்.

2009இற்குப் பின்னர் முஸ்லிம்களிற் சில குடும்பங்கள் யாழ்ப்பாணம் திரும்பின. புத்தளத்திற் பிறந்து வளர்ந்து அங்கேயே வேரூன்றிய பிள்ளைகளை விட்டு வர முடியாதோர் பலர். வந்து பார்த்து, வீட்டின் அத்திவாரத்தை மாத்திரம் கண்டு, திரும்பிப் போனோரும் பலர். நானா வரவில்லை. அவர் புத்தளத்து மண்ணிலேயே அடக்கமானார். வந்தவன் அவருடைய பேரன். ஐந்து சந்திக்கு அணித்தாகச் சிறு கடையொன்று திறந்திருக்கின்றான். பழைய கடை இருந்த இடமன்று அது.

மாஸ்டர் ஓய்வுபெற்றுவிட்டார். சனிக்கிழமைகளிற் பெரும்பாலும் அங்கே காணலாம். முதன்முறை சென்றபோது, கறியை இறக்கியபின் கொழுப்பில் நற்சீரகம் பொரித்துக் கொட்டுவாயா என்று பேரனைக் கேட்டாராம். “அது எங்கட உம்மம்மா செய்யிறது. அப்பா கடையில செய்ததெண்டு சொல்லுவா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான் அவன். அன்று மாஸ்டர் கனடாவிற் கண்ட கம்பி இறைச்சியையும் ஸிரே என்ற சொல்லையும் பற்றிச் சொல்ல, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அவன் அதனைச் செய்து பார்த்தான். ஆட்டிறைச்சி விலையேறிவிட்டதால் அதனைக் கேட்போர் குறைவு. பல்கலைக்கழகத்து இளைஞர் வந்தால் கோழிக் கொத்து, அல்லது கோழிப் புரியாணி. அவர்கள் கடையிலமர்ந்து இறைச்சி உண்பதை எந்த ஊரும் இன்று விசாரிப்பதில்லை. அருகிலிருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களும் விசாரிப்பதில்லை. கைப்பேசியைப் பார்த்தபடியே உண்டு எழுகின்றனர். அங்கு முன்னர் என்ன இருந்தது என்றும் அவர்கள் விசாரிப்பதில்லை.

புரியாணி இப்போதும் வெள்ளிக்கிழமையிற்றான் சிறப்பு. தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றும் மாஸ்டர் வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடுவதில்லை. பேரனுடைய கடையில் கணக்குக் கொப்பி கிடையாது. காசுப்பெட்டிக்கு மேலே, சுவரில், கடன் கேட்கவேண்டாம் என்று எழுதிய பலகையொன்று தொங்குகின்றது. மாஸ்டர் வழக்கமாக அமரும் மேசை அதற்கு நேர் எதிரே இருக்கின்றது.